ஆறாயிரம் மீட்டர் கீழே யாரை அனுப்புவது?

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கமாகப் போனால் தசாவதார சன்னதி வரும். திருமங்கையாழ்வாரோடு சேர்த்துப் பேசப்படும் கோயில். பத்து அவதாரமும் ஓரிடத்தில் நிற்கும். மச்சம், கூர்மம், வராகம் என்று வரிசை சொல்லிக்கொடுத்துத்தான் எங்கள் வீட்டில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அந்த வரிசையைக் கலைத்துவிட்டது. அங்கே வராகம் முந்திக்கொண்டது. வராகா-1 என்று பெயரிட்ட சுரங்க எந்திரம் 2021-இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,270 மீட்டர் ஆழத்துத் தரையில் பட்டைச் சக்கரத்தால் ஊர்ந்துவிட்டு மேலே வந்தது. உள்ளே ஆள் கிடையாது. மூன்று பேரை உட்கார வைத்து 6,000 மீட்டருக்கு இறங்க வேண்டிய மத்ஸ்யா 6000, நான்கு வருஷம் கழித்து, 2025 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் காட்டுப்பள்ளி துறைமுகத் தண்ணீரில் நனைத்துப் பார்க்கப்பட்டது.

பத்திரிகைகளில் பெரிய எழுத்து மத்ஸ்யாவுக்குத்தான். ஆளில்லாத எந்திரங்களுக்கு உள்பக்கத்தில் நாலு வரி. இந்த விகிதம் சரிதானா என்பதே என் கேள்வி. ஆழ்கடலைத் துழாவுவதற்கு மனிதன் இறங்க வேண்டுமா, எந்திரம் போதுமா? அலங்காரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இதுவரை நடந்ததைக் கொண்டு தராசில் வைத்துப் பார்க்கலாம்.

நான் கடல்காரன் இல்லை. திருச்சியில் துவாக்குடி, திருவெறும்பூர் பக்கத்துப் பட்டறைகளில் முப்பது வருஷம் வெல்டிங் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். பாரத மிகுமின் நிறுவனத்தின் பாய்லர் தொழிற்சாலை வந்த பிறகு முளைத்த பட்டறைகள் அவை. பாய்லர் பாகம் எதுவாக இருந்தாலும் கடைசியில் ஹைட்ரோ டெஸ்ட் உண்டு. குழாய்க்குள் தண்ணீரை நிரப்பி, மேல் மூலையில் காற்று போகிற வால்வைத் திறந்து வைத்து, குமிழி அடங்கித் தண்ணீர் கோடாக வந்ததும் மூடுவோம். பம்ப்பைப் போட்டு அழுத்தம் ஏற்றுவோம். வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு. முள் அங்கே நிற்கிறவரை ஒருத்தரும் பக்கத்தில் போகக் கூடாது. முள் நின்று, அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிய பிறகுதான் டார்ச்சோடு நடப்போம். வெல்டிங் ஓரத்தில் ஒரு துளி வேர்த்திருக்கிறதா என்று பார்ப்போம். அதற்குப் பட்டறையில் ‘வேர்வை’ என்றே பெயர். முதலில் எந்திரம் தாங்கட்டும், மனிதன் பிறகு கிட்டே போகலாம் என்பது எங்கள் தொழிலின் அடிப்படை. இந்தக் கட்டுரையின் சாய்வு எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் அங்கிருந்துதான்.

மிகப் பெரிய அனல்மின் பாய்லர்களில் நீராவி அழுத்தம் 250 பார் அளவில் இருக்கும். 6,000 மீட்டர் ஆழத்தில் கடல் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 600 பார். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் 600 கிலோ. அதுவும் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் அல்ல, வெளியிலிருந்து உள்ளே நசுக்குவது. வித்தியாசம் பெரிது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. உறிஞ்சிப் பாருங்கள், சப்பென்று மடங்கிவிடும். உள் அழுத்தம் கலத்தை இன்னும் உருண்டையாக்கும். வெளி அழுத்தம் எங்கே உருண்டை கொஞ்சம் கோணியிருக்கிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே குத்தும்.

மத்ஸ்யாவில் ஆட்கள் உட்காரும் உருண்டை டைட்டானியம் கலவையால் ஆனது. விட்டம் 2.1 மீட்டர், தகட்டின் கனம் 80 மில்லிமீட்டர். பழைய பழக்கத்தில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். முழு ஆழத்தில் அந்தத் தகட்டுக்குள் சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டனுக்கும் மேல் இறுக்கம் ஏறும். அந்த வகை டைட்டானியம் 800-ஐத் தாண்டித் தாங்கும். ஆக, இரண்டு மடங்குக்குக் கிட்டத்தட்ட இடம் இருக்கிறது. இரண்டு அரைக்கோளங்களையும் கடல் ஒன்றோடொன்று 24,000 டன் எடையால் அழுத்தும். வெல்டிங் திறந்துகொள்ளப் பார்க்காது, மூடிக்கொள்ளத்தான் பார்க்கும். 80 மில்லிமீட்டர் டைட்டானியத்தை எலெக்ட்ரான் கற்றையால் ஒட்டும் வேலையில் இஸ்ரோ இறங்கியது. சாதாரண ஆர்க் வெல்டிங்கில் இந்தக் கனத்துக்கு எத்தனை பாஸ் போட வேண்டியிருக்கும், ஒவ்வொரு பாஸிலும் என்னென்ன கோளாறு ஒளிந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலை மேல் எனக்கு மரியாதை உண்டு. உருண்டை சரியில்லை என்று சொல்ல நான் வரவில்லை. உருண்டை எதற்கு என்பதுதான் என் பேச்சு.

முதலில் ஆளில்லாத பக்கத்தின் கணக்கைப் பார்ப்போம்.

2010-இல் ரோசப் 6000 என்ற எந்திரக் கலம் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் இறங்கியது. மாஸ்கோவில் உள்ள கடல் பொறியியல் வடிவமைப்பு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து பள்ளிக்கரணைக்காரர்கள் உருவாக்கியது அது. மேலே கப்பல், கீழே கலம், நடுவே கிலோமீட்டர் கணக்கில் வடம். மின்சாரம் வடத்தில் இறங்கும். கேமரா காட்டுவது கண்ணாடி இழை வழியாக மேலே ஏறும். கப்பலில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியை அசைத்தால் ஐந்து கிலோமீட்டர் கீழே இரும்புக் கை அசையும். கிருஷ்ணா-கோதாவரி படுகையில் உறைந்த மீத்தேன் படிவுகள் உள்ள இடத்திலும் இதே கலம் இறங்கியிருக்கிறது. அதன் தம்பி மாதிரி சிறிய ஒன்று, பிரூவ் என்று பெயர், 2015-இல் அண்டார்டிக்காவுக்குப் போய் பிரியதர்ஷினி ஏரியில் முங்கி வந்தது.

(மச்சாவதாரக் கதையை நினைத்துப் பாருங்கள். மீன் தண்ணீரில் இருக்கிறது. மனு படகில் இருக்கிறார். மீனின் கொம்பில் வாசுகியைக் கயிறாகக் கட்டிப் படகோடு பிணைத்திருக்கிறது. மனுவை யாரும் மீனின் வயிற்றுக்குள் ஏற்றவில்லை. கதைப்படி பார்த்தால் மத்ஸ்யா என்ற பெயர் ரோசப்புக்குத்தான் போயிருக்க வேண்டும்.)

வடம் இருக்கிறதே, அதுதான் இந்த வகையின் பலமும் தொல்லையும். பேட்டரி தீர்கிற கவலை இல்லை. மேலே ஷிப்ட் மாற்றி மாற்றி ஆட்கள் இரவும் பகலும் ஓட்டலாம். ஆனால் வடம் அறுந்தால் கலம் போயிற்று. ஜப்பானின் கைக்கோ 1995-இல் மரியானா அகழியின் அடிவரை போன எந்திரம். 2003 மே மாதம், புயல் நெருங்கும் நேரத்தில் வடம் அறுந்து காணாமல் போனது. அமெரிக்காவின் நீரியஸ் 2014-இல் நியூசிலாந்துக்கு வடக்கே கெர்மடெக் அகழியில் 9,900 மீட்டரில் நொறுங்கியது. மிதந்து வந்த துண்டுகளைப் பார்த்து விஞ்ஞானிகள் வருத்தப்பட்டார்கள். ஆனால் ஒரு வீட்டிலும் படத்துக்கு மாலை போட வேண்டியிருக்கவில்லை. எந்திரம் தோற்றால் அதன் விலை பணம். இதைத் தராசின் ஒரு தட்டில் வையுங்கள்.

வடமே இல்லாத வகை இன்னொன்று. தானே கணக்கிட்டு, தானே ஓடி, தானே திரும்பும். நம்மிடம் இருப்பது ஓ.எம்.இ. 6000, நார்வேயில் செய்து வாங்கியது. அதைப் பற்றிப் பேச 2016 ஜூலை 22-க்குப் போக வேண்டும். தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்காள விரிகுடாவின் மேல் காணாமல் போனது. 29 பேர். கடற்படை, கடலோரக் காவல்படை, ஆய்வுக் கப்பல்கள் என்று எல்லாம் தேடின. ஒரு துண்டும் கிடைக்கவில்லை. ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது: சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில், அந்த விமானத்தின் சிதைவுகள் என்று கருதத்தக்கவை படத்தில் கிடைத்திருக்கின்றன. படம் எடுத்தது ஆளில்லாக் கலம். ஒலியை அனுப்பித் தரையைப் படமாக்கும் சோனாரும், கூர்மையான கேமராவும்தான் அதன் கண்.

இந்த வேலையை மனிதனால் செய்திருக்க முடியுமா? கண்ணுக்கு அங்கே வெளிச்சம் கிடையாது. விளக்குப் போட்டால் சுற்றி பத்து மீட்டர் தெரியும். ஆட்களை ஏற்றும் கலங்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மீட்டர்தான் இறங்கும். 6,000 மீட்டருக்கு இறங்க மூன்றேகால் மணி, ஏற மூன்றேகால் மணி. மத்ஸ்யாவின் ஒரு முழுக்குக்கு 12 மணி நேரம் என்று வைத்தால், அடியில் வேலை செய்ய ஐந்து மணி நேரம் மிஞ்சும். மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குக் குறைவாக நகர்ந்து, பத்து மீட்டர் அகலத்துக்குப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு முழுக்கில் ஒரு சதுர கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சர்வதேசக் கடற்படுகை ஆணையம் நமக்கு உலோகக் கட்டிகளைத் தேட ஒதுக்கிய பரப்பு 75,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். அதைக் கண்ணால் பார்த்து முடிக்க எட்டு லட்சம் முழுக்கு வேண்டும். தேடுகிற வேலையில் போட்டியே இல்லை.

‘சரி, தேடுவது எந்திரம், கண்டுபிடிப்பது மனிதக் கண்தானே’ என்பார்கள். இதற்கு வழக்கமாகக் காட்டும் சாட்சி 1977. பசிபிக்கில் கலாபகோஸ் பக்கம் கடலடி வெந்நீர் ஊற்றுகளையும், சூரிய வெளிச்சமே இல்லாமல் அங்கே வாழும் உயிர்க்கூட்டத்தையும் ஆல்வின் கலத்தில் இறங்கியவர்கள் பார்த்தார்கள். உயிரியல் பாடப்புத்தகமே மாறியது. ஆனால் அந்தக் கதையின் முந்தைய நாளை யாரும் சொல்வதில்லை. ஆங்கஸ் என்று ஒரு கேமராச் சட்டத்தைக் கப்பலிலிருந்து கட்டி இழுத்தார்கள். வெப்பமானி ஓரிடத்தில் ஒரு கணம் துள்ளியது. எடுத்த 3,000 படங்களில் 13 படத்தில் மட்டும் சிப்பிகள். ஆல்வினில் இறங்கியவர்களுக்கு விலாசம் கொடுத்தது அந்த 13 படங்கள். டைட்டானிக் கப்பலும் அப்படித்தான்: 1985-இல் கண்டது ஆர்கோ என்ற இழுவைக் கேமரா, மனிதர்கள் அடுத்த வருஷம்தான் போனார்கள்.

எதிர்த்தரப்பைக் குறைத்துக் காட்டக் கூடாது. 1966-இல் ஸ்பெயின் கரையோரம் அமெரிக்க விமானத்திலிருந்து விழுந்த ஹைட்ரஜன் குண்டைக் கடலடியில் கண்டது ஆல்வினில் இருந்த மனிதர்கள். மேலே தூக்கியது கர்வ் என்ற எந்திரம். அதுவும் குண்டின் பாராசூட்டில் தானே சிக்கிக்கொண்டு, குண்டோடு சேர்ந்தே மேலே வந்தது. சிக்கலான பாறைச் சந்துகளில் வடமில்லாமல் திரும்பி வளைய முடிவதும், ஜன்னலில் முகத்தை வைத்தவனுக்கு ஆழமும் அகலமும் ஒரே நொடியில் புரிவதும் உண்மை. திரையில் பார்த்து எக்ஸ்ரே ஃபிலிமைப் படித்தவன் நான். நேரில் வெல்டிங்கைத் தடவிப் பார்க்கும்போது கைக்குத் தெரிவது வேறு. ஆனால் தேவை வந்தபோதெல்லாம் தடவிப் பார்த்தோம். எல்லா ஜாயின்டுக்கும் பார்த்தோமா? இல்லை. ஃபிலிம் சந்தேகம் காட்டிய இடத்தில்தான் போய்க் கையை வைத்தோம்.

மத்ஸ்யாவுக்காகச் சொல்லப்படும் இன்னொரு வாதம் வலுவானது. அதற்காகக் கற்றுக்கொள்வதெல்லாம் எந்திரக் கலங்களுக்கும் உதவும்: கனத்த டைட்டானியம் வெல்டிங், அழுத்தத்தில் வேலை செய்யும் பேட்டரி, ஒலியால் இடமறியும் கருவி. இதை ஏற்றுக்கொள்கிறேன். பணத்தை வைத்துத் திட்டுபவர்களும் ஒரு தப்புச் செய்கிறார்கள். 2021-இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின் 4,077 கோடி ரூபாயையும் மத்ஸ்யாவின் தலையில் கட்டுகிறார்கள். அது ஐந்து வருஷத்துக்கு, காலநிலை ஆய்விலிருந்து கடல் உயிரியல்வரை பல பிரிவுகளுக்கும் சேர்த்துப் போட்ட தொகை. கொடி நாட்டும் ஆசை இருப்பதையும் நான் குறை சொல்லவில்லை. சீனாவின் ஃபென்டோஷே 2020-இல் 10,909 மீட்டருக்கு ஆட்களோடு போன பிறகு நம் நாட்டுக்குக் கை நமநமப்பது இயல்பு. 2025 ஆகஸ்டில் பிரான்சின் நாட்டில் கலத்தில், வட அட்லாண்டிக்கில், பள்ளிக்கரணை நிறுவனத்தின் விஞ்ஞானி ரமேஷ் ராஜு 4,025 மீட்டரும், கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஜதிந்தர் பால் சிங் மறுநாள் 5,002 மீட்டரும் இறங்கினார்கள். அதைப் படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் பெருமையைத் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது. கீழே போனவர்கள் மேலே வராவிட்டால் யார் போய்த் தூக்குவது?

1973-இல் அயர்லாந்துக்குத் தென்மேற்கே பைசஸ் 3 என்ற கலம் இரண்டு பேரோடு 480 மீட்டர் ஆழத்தில் மாட்டிக்கொண்டது. 76 மணி நேரம் கழித்து அவர்களை வெளியே கொண்டுவந்த வேலையில் பங்கெடுத்தது கர்வ் 3 என்ற எந்திரம். 2005-இல் கம்சாட்கா பக்கம் ஏழு ரஷ்ய மாலுமிகள் ஒரு கலத்தோடு வலையில் சிக்கினார்கள். பிரிட்டனிலிருந்து விமானத்தில் பறந்து வந்த ஸ்கார்பியோ என்ற எந்திரம் வலையை வெட்டிவிட்டது. 2023 ஜூன் 18-ஆம் தேதி, டைட்டானிக் கிடக்கும் இடத்துக்கு இறங்கிய டைட்டன் என்ற கலம் ஐந்து பேரோடு மறைந்தது. உள்ளே 96 மணி நேர ஆக்சிஜன் என்று சொன்னார்கள். அந்த ஆழத்துக்கு இறங்கக்கூடிய எந்திரம் ஒடிசியஸ் 6கே. அது அடியைத் தொட்டு உடைந்த பாகங்களைக் காட்டியது ஜூன் 22 அன்று. உலகத்தின் கவனமெல்லாம் திரும்பியிருந்த இடத்தில், வட அமெரிக்கக் கரைக்கு எட்டிய தூரத்தில், எந்திரம் போய்ச்சேரவே நான்கு நாள்.

டைட்டனோடு மத்ஸ்யாவை ஒப்பிடுவது உருண்டையைப் பொறுத்தவரை அநியாயம். அது கார்பன் இழை உருளை. எந்தத் தரச்சான்று அமைப்பிடமும் போகாமல் கடலில் இறங்கியது. டைட்டானியம் உருண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏதாவது கோளாறு ஆனால் எடைகளைக் கழற்றி விட்டுவிட்டுத் தானே மிதந்து மேலே வரும் ஏற்பாடும் இந்த வகைக் கலங்களில் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். மீட்புக் கணக்கில் மட்டும் ஒப்பீடு பொருந்துகிறது. வலையிலோ வடத்திலோ சிக்கிக்கொண்டால் எடையைக் கழற்றி என்ன பயன்? பைசஸும் ரஷ்யக் கலமும் நசுங்கிப் போகவில்லை. சிக்கிக்கொண்டவைதான்.

மத்ஸ்யாவின் அவசர உயிர்காப்பு நேரம் 96 மணி. நம் உலோகக் கட்டிப் பரப்பு கன்னியாகுமரியிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு ஆய்வுக் கப்பல் 10 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு பதினெட்டரை கிலோமீட்டரில், நிற்காமல் ஓடினால் அங்கே போய்ச்சேர 108 மணி நேரம். கிரேன் ஏற்றும் நேரம், எந்திரத்தைத் தயார் செய்யும் நேரம், அது மூன்று மணி நேரம் இறங்கும் நேரம் எதையும் நான் சேர்க்கவில்லை. அப்படியானால் மீட்பு எந்திரம் முன்கூட்டியே பக்கத்தில் நிற்க வேண்டும். எந்தக் கப்பலில்? ரோசப்பும் ஓ.எம்.இ.யும் இறங்கியது சாகர் நிதியிலிருந்து. மத்ஸ்யாவையும் அதுவே தாங்கப் போகிறது. இத்தாலியில் கட்டி 2008-இல் சேவைக்கு வந்த கப்பல். ஒரே தளத்தில் மாப்பிள்ளைக்கும் இடம், ஆம்புலன்ஸுக்கும் இடம் என்றால் எப்படி?

தீர்ப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆழ்கடல் ஆய்வு என்ற வேலையில் தேடல் முழுவதும், தொட்டெடுப்பதில் பெரும்பகுதியும் ஆளில்லாக் கலங்களுக்கே உரியவை. வரலாறும் கணக்கும் இதில் ஒரே பக்கம் நிற்கின்றன. மனிதன் இறங்குவது தடை செய்யப்பட வேண்டியதல்ல. எந்திரம் விலாசம் காட்டிய இடத்துக்கு, எப்போதாவது, காரணத்தோடு போனால் போதும். மத்ஸ்யா செய்து முடிக்கப்படட்டும். ஆனால் அதன் முதல் ஆழ முழுக்குக்கு முன் இரண்டு விஷயம் நடக்க வேண்டும்: 6,000 மீட்டர் இறங்கிக் கையால் வெட்டவும் தூக்கவும் தெரிந்த எந்திரம் ஒன்று, வேலைக்கு வைத்திருக்கும் எந்திரத்தைத் தவிர, தயாராக இருக்க வேண்டும், அதைச் சுமக்க இரண்டாவது கப்பல் அதே கடலில் நிற்க வேண்டும். இது இல்லாமல் இறங்குவது ஹைட்ரோ டெஸ்ட்டில் முள் ஏறும்போதே டார்ச்சோடு நடப்பது.

நிறுவனத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை மத்ஸ்யா அல்ல, ரோசப்புக்குப் பின்னான இடைவெளிதான். 2010-இல் ஐந்து கிலோமீட்டர் ஆழத்தைத் தொட்ட தேசம், வங்காள விரிகுடாவில் ஒரு விமானத்தைத் தேட நார்வேயிலிருந்து வாங்கிய கலத்தை நம்ப வேண்டியிருந்தது. வாங்கியதில் தப்பில்லை, வாங்காமல் இருந்திருந்தால் அந்த 29 குடும்பங்களும் இன்னும் காத்திருக்கும். ஆனால் ஒரு எந்திரத்தை ஒருமுறை செய்வதும், அதே வகையில் நாலாவதைச் செய்வதும் வேறு வேறு. பட்டறையில் நாலாவது பீஸ்தான் கை பழகிய பீஸ். சென்னை ஐ.ஐ.டி.யில் 2015-இல் தொடங்கிய பிளானிஸும் கொச்சியின் ஐரோவும் ஆழம் குறைந்த தண்ணீரில் அணைகளையும் துறைமுகத் தூண்களையும் பார்க்கும் சின்ன எந்திரங்களைச் செய்கின்றன. பழகிய கை அங்கேதான் உருவாகிக்கொண்டிருக்கிறது.

அதற்கு வேலை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் போனபோது 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி ராத்திரி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அடுத்த நாள் காலையில் கரையில் நின்று பார்த்தோம். செம்மண் நிறத்தில் தண்ணீர், மேலே உடைந்த பாலம். அடியில் மணல் எப்போதிலிருந்து போய்க்கொண்டிருந்தது என்று பக்கத்தில் நின்ற பெரியவரைக் கேட்டேன். ‘தண்ணிக்குக் கீழ பாக்கறதுக்கு யாரு இருக்கா தம்பி’ என்றார்.